மேலே வைத்த மீன்

மீன்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மீன் எண்ணெயைக் கப்பலேற்றி அனுப்பியவர்களைப் பற்றி எனக்கு முதலிலிருந்தே நல்ல அபிப்பிராயம் கிடையாது. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் தங்கை அப்படி நினைக்கவில்லை. அவள் அவர்களை முழுசாக நம்பினாள். நம்புகிறவர்களுக்குத்தான் எப்போதும் அடி பலமாக விழுகிறது.

காரைக்கால் அப்போது இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தையும், பிரான்சில் ஏதோ ஒரு கடலோர ஊரில் இருந்த பள்ளிக்கூடத்தையும் ஜோடி சேர்த்திருந்தார்கள். கல்யாணம் மாதிரிதான், இரண்டு பக்கத்தையும் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் உடம்பு தேற வேண்டும், ஒருவரைப் பார்த்து ஒருவர் நல்ல பழக்கம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கிருந்து மரப்பெட்டியில் பால் மாவு, மீன் எண்ணெய், சோப்பு, பல் தேய்க்கும் பிரஷ் எல்லாம் வரும். இங்கிருந்து நாங்கள் கிளிஞ்சலும், வண்ணக்குச்சியில் வரைந்த படங்களும் அனுப்புவோம். யாருக்கு லாபம் என்று அப்பா கேட்டார்.

பிரஷ் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக்கு இரண்டு வந்தன, எனக்கொன்று, தங்கைக்கொன்று. நாங்கள் கரித்தூளும் விரலுமாக வாழ்ந்தவர்கள். என்னுடையதை அம்மா சுவரில் ஆணியடித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். கொஞ்ச நாளில் அப்பா அதை எடுத்து அரிக்கேன் விளக்கின் துருவைத் தேய்த்துவிட்டார். தங்கை தன்னுடையதை யாரிடமும் தரவில்லை. காலையில் வாசலில் குந்திக்கொண்டு, வருகிற போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி, நுரை வழிய வழியத் தேய்ப்பாள். "அங்க எல்லாரும் இப்படித்தான் தேய்க்கிறாங்களாம்" என்பாள்.

அந்த 'அங்க' என்ற சொல் அவள் வாயில் ஓயாது. எங்கள் ஒவ்வொருவருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஜோடிப்பிள்ளை உண்டு. எனக்கு வாய்த்தவள் ஒரே ஒரு பூ படம் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிட்டாள். தங்கைக்கு வாய்த்தவள் அப்படியில்லை. மூக்கு முழுக்கப் புள்ளி விழுந்த, தொப்பி போட்ட ஒரு பெண், கடற்கரையில் நிற்கிற போட்டோ ஒன்றை அனுப்பினாள். தங்கை அவளை 'என் ஆளு' என்று சொல்வாள். என் ஆளு தினமும் பால் குடிக்கிறாள். என் ஆளு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். எங்கள் குடிசைக்கு ஏது ஜன்னல்? அதனால் கதவைத் திறந்து போடச் சொல்லி அழுவாள். மார்கழிப் பனியில் கதவைத் திறந்து போட்டோம். தெரு நாய் உள்ளே வந்து படுத்துக்கொண்டது. அதற்கு உடம்பு நன்றாகத் தேறியது.

இதையெல்லாம் நடத்தி வைத்தவர் எங்கள் டீச்சரம்மா. புதுச்சேரியிலிருந்து வந்தவர், சின்ன வயது, சிரிக்கவே தெரியாத முகம். காலையில் வரிசையில் நிறுத்தி, நகத்தைப் பார்த்து, காதைப் பார்த்து, ஆளுக்கு ஒரு கரண்டி மீன் எண்ணெய் ஊற்றுவார். பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். என் தங்கை மட்டும் கரண்டியை நக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை நூல் அளக்கிற சடங்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளையையும் சுவரோரம் நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் நூல் பிடித்து டீச்சரம்மா வெட்டுவார். ஒரு நூல் கப்பலில் போகும். இன்னொன்று எங்களிடம் இருக்கும். அதேபோல அங்கிருந்து அவர்கள் நூலும் வரும். முகம் தெரியாதவளின் உயரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது வேடிக்கையாகத்தான் இருந்தது. தங்கை 'என் ஆளு' நூலின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள். அது அவள் தலையைத் தாண்டி ஒரு சாண் போகும். "நானும் இம்புட்டு வளருவேன்" என்பாள்.

அடுத்த வருஷம் தங்கைக்கு வெட்டிய நூலை அவளுடைய பழைய நூலோடு சேர்த்துப் பிடித்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தன. டீச்சரம்மா மறுபடி அளந்தார். குதிகாலை ஒட்டி வை என்றார், நிமிர்ந்து நில் என்றார். பிறகு நூலைச் சுருட்டி வைத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அப்போதுதான் கூடையைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

"பிள்ளைக்குச் சாயங்காலத்துல உடம்பு காயுதா?" என்று கேட்டார்.

"காயுது டீச்சரம்மா. காலையில எறங்கிடுது."

"இருமல்?"

"மழைக்காலத்துல யாருக்குத்தான் இல்ல?"

அது மழைக்காலம் இல்லை. அம்மாவுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சிவப்பு மருந்து ஒரு பாட்டில் கொடுத்து, சத்தாகச் சாப்பிடக் கொடுங்கள், ஓய்வாக வைத்திருங்கள் என்றார்கள். வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "அதச் சொல்றதுக்கு ஒரு ஆஸ்பத்திரி."

சத்து என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அப்பா கொண்டுவருகிற நல்ல மீன் எல்லாம் விற்பதற்கு. வீட்டுக்கு மிஞ்சுவது பொடிமீன், தலை, வால். தங்கைக்கு வஞ்சிரம் என்றால் உயிர். அம்மா கூடையை எடுக்கும்போதெல்லாம் மேலே கிடக்கிற வஞ்சிரத்தைத் தங்கை தொட்டுப் பார்ப்பாள். "ஒரு நாளைக்கு இத நமக்கு ஆக்கும்மா" என்பாள். "ஆக்கலாம், ஆக்கலாம்" என்றுகொண்டே அம்மா கூடையைத் தலையில் ஏற்றிவிடுவாள்.

அம்மா மீன் விற்ற விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் அவள் செய்தது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். நெரவி, விழிதியூர்ப் பக்கம் அவள் நடந்துபோய் விற்பாள். தராசு கிடையாது. மீனைக் கூறு கட்டி வைப்பாள். சின்னதும் பெரியதுமாக ஒரு குவியல், அதுதான் ஒரு கூறு. கூறு கட்டுவதில் அவள் கெட்டிக்காரி. நல்ல மீன் மேலே, கண் பளபளவென்று தெரிகிற மாதிரி. நைந்தது அடியில். அது ஏமாற்று இல்லை; எல்லா மீன்காரியும் அப்படித்தான் கட்டுவாள், வாங்குகிறவளுக்கும் அது தெரியும். அதனால்தான் அவள் குனிந்து, மேல் மீனை ஒதுக்கிவிட்டு, அடிமீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் நாள்பட்டது. விற்கிறவள் வேலை மேலே அழகாக வைப்பது. வாங்குகிறவள் வேலை தூக்கிப் பார்ப்பது. தன் மீனைத் தானே நைந்தது என்று சொல்கிற வாய் எந்த மீன்காரிக்கும் கிடையாது. அம்மாவுக்குத் தெரிந்த உலக நியாயம் அவ்வளவுதான்.

மாசி மாதத்தில் பள்ளிக்கூடத்தில் தாய்மார்களைக் கூட்டினார்கள். டீச்சரம்மா சொன்னார்: அந்த ஊரில் கடலோரமாகப் பிள்ளைகளுக்கென்று ஓர் ஆரோக்கிய விடுதி இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் நோஞ்சானாக இருக்கிற பிள்ளைகள் அங்கே மாதக்கணக்கில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு போவார்கள். இனி நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலரும் அவர்களோடு போய்த் தங்கலாம். பால், முட்டை, இறைச்சி, மருந்து, ஓய்வு, எல்லாம் உண்டு. போக்குவரத்து அவர்கள் செலவு. அங்கிருந்து ஒரு வெள்ளைக்கார மதாமும் ஒரு டாக்டரும் வந்து பார்த்து, தேவைப்படுகிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். "கடல் காத்து வாங்க பிரான்சுக்குப் போவணுமா? இங்க கொல்லையில என்ன அடிக்குது?"

அம்மா சிரிக்கவில்லை.

"பொம்பளப் புள்ளையக் கப்பல்ல ஏத்திட்டு, நாளைக்கு நாலு பேரு கேட்டா என்னா சொல்லுவ?" என்றார் அப்பா.

"பொழச்சி வந்துருக்கான்னு சொல்லுவேன்" என்றாள் அம்மா. "நீங்க பெத்த புள்ளைய ராத்திரியில தொட்டுப் பாருங்க. அடுப்பு மாதிரி காயுது. நான் கேக்குறது அவ உசுருங்க, ஊரு பேச்ச இல்ல."

அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள், நாகூருக்கும் வேண்டிக்கொண்டாள். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் படகுப் பாயை விரித்து வைப்போம் என்று இருந்திருப்பாள்.

தங்கைக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, என் ஆளைப் பார்க்கப் போகிறேன் என்பது மட்டும். ஒரு நண்டு படம் வரைந்து வைத்துக்கொண்டாள். நேரில் கொடுப்பதற்காம்.

அவர்கள் வருகிற நாளுக்கு முந்தின நாள், அம்மா வழக்கமாக மீன் கொடுக்கிற ஒரு வீட்டுக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். கடைத்தெருவுக்குப் பின்னால் பெரிய வீடு. வீட்டுக்காரர் சைகோனில் கடை வைத்திருந்தார். அந்த வீட்டு அம்மாளை எங்கள் அம்மா 'லாத்தா' என்று கூப்பிடுவாள், முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நல்ல மனுஷி. மீன் வாங்கினால் எங்களுக்குத் தேத்தண்ணி தராமல் விடமாட்டாள்.

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நாளைக்கு வெளிநாட்டு ஆளுங்க முன்னால புள்ளைய நிறுத்தணும் லாத்தா. மூளியா நிறுத்த முடியாது. ஒரு நாளைக்கு மட்டும்..."

லாத்தா உடனே எழுந்தாள். உள்ளே போய்த் தன் மகள் சின்னதில் போட்ட வெள்ளி நகையையெல்லாம் ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்தாள். அகலமான வெள்ளி அரைஞாண், இரண்டு தண்டை, கைக்குக் காப்பு. தண்டை உள்ளே கூடு இல்லாத கெட்டி வெள்ளி. என் கையில் கொடுத்தபோது கை இறங்கியது.

"எடுத்துட்டுப் போ. நம்மூரு புள்ளைய எளக்காரமா நெனச்சிடக் கூடாது. இன்ஷா அல்லா, உன் மவ போயிட்டு வருவா" என்றாள்.

இந்த ஊரில் அன்றைக்கு நல்ல மனசில்லாதவர் என்று ஒருவரும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது. ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது ஆறியிருப்பேன்.

காலையில் அம்மா தங்கைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கற்பூரவல்லிச் சாற்றில் தேன் கலந்து கொடுத்தாள், அவர்கள் முன்னால் இருமிவிடக் கூடாது என்று. பழைய சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்து, வேண்டாம் வேண்டாம் என்கிற வாயில் ஊட்டினாள். கெட்டிக் கரையுள்ள பட்டுப் பாவாடை, அதுவும் இரவல். அதற்கடியில் அரைஞாணைப் பூட்டினாள். இடுப்பு சிறுத்திருந்ததால் இரண்டு சுற்று வந்தது. காலில் தண்டை, கையில் காப்பு, கண்ணில் மை, கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு. கடைசியில் இரண்டு கன்னத்தையும் கிள்ளிக் கிள்ளிச் சிவக்க வைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நோவு இருக்கிற புள்ளையத்தானே அழச்சிட்டுப் போவாங்க. ஏம்மா இப்படிச் சிங்காரிக்கிற?" என்று கேட்டேன்.

அம்மா என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "வாங்க வர்றவங்க செவுளத் தூக்கிப் பாக்க மாட்டாங்களா? டாக்டருடி. உள்ள இருக்கிறது அவருக்குத் தெரியும். வெளிய வக்கிறதுதான் நம்ம வேல."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானும் மீன்காரி மகள்தானே.

பள்ளிக்கூடத்து முற்றம் அன்றைக்குத் தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. எல்லா அம்மாமாரும் எங்கள் அம்மா செய்ததையேதான் செய்திருந்தார்கள். எலும்பும் தோலுமான பிள்ளைகள் எல்லாம் சாமி புறப்பாட்டுக்குக் கிளம்பியது போல வந்து நின்றன. வரவேற்புப் பாட்டு, மாலை, இளநீர். அந்த மதாம் சிவந்துபோய், வியர்த்து, எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் வயதானவர். வெயில் அவரைப் பிழிந்து எடுத்திருந்தது.

ஒரே ஒரு பெண் மட்டும் எந்த அலங்காரமும் இல்லாமல் வந்திருந்தாள். சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்த ஒருவரின் மகள். வெள்ளை கவுன், வெறுங்கால், கழுத்தில் கையில் ஒன்றும் கிடையாது. பாவம், தாயில்லாப் பிள்ளை போலிருக்கிறது என்று அம்மாமார் பேசிக்கொண்டார்கள். தாய் இருந்தாள், சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். ஆபீசுக்காரர் வீட்டில், எங்கே எதைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நிற்கிற தராசை நடுவில் வைத்திருந்தார்கள். பிள்ளை ஏறி நின்றால் ஒரு குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று மதாம் கையில் இருந்த அட்டையில் பார்ப்பாள். எடை குறைந்தவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். நர்சு எங்கள் ஊர்க்காரி. செருப்பு போட்டிருந்தவர்களை மட்டும் கழற்றச் சொன்னாள். பிள்ளை இடுப்பிலிருந்து அரைஞாணை அவிழ்க்கச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கு வாய் வரும்? அரைஞாண் உடம்போடு சேர்ந்தது. அது அவிழ்வது ஒரே ஒரு நாளில்தான்.

தங்கை தண்டை குலுங்க ஏறி நின்றாள். குண்டு நகர்ந்தது, நின்றது. மதாம் அட்டையைப் பார்த்தாள். கொஞ்சம்தான், ஒரு மயிரிழை, ஆனால் கோட்டுக்கு மேலே. டாக்டர் குழாயை அவள் நெஞ்சில் வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் இரண்டாவது பாட்டை ஆரம்பித்திருந்தார்கள். அவர் நெற்றியைச் சுருக்கினார், இன்னோர் இடத்தில் வைத்தார், பிறகு அம்மாவிடம் கேட்கச் சொல்லி டீச்சரம்மாவைப் பார்த்தார்.

"இருமல், காய்ச்சல் ஏதும் இருக்கான்னு கேக்கறார்."

அம்மா எல்லார் முன்னாலும் நின்றாள். பின்னால் ஊரே இருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கா" என்றாள். சொல்லிவிட்டு டாக்டர் முகத்தையே பார்த்தாள். அவர் குனிந்து தூக்கிப் பார்ப்பார் என்று காத்திருந்தாள்.

டீச்சரம்மா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். தாயே நோவு இல்லை என்று சொன்ன பிறகு டீச்சர் உண்டு என்று எப்படிச் சொல்வார்? ஆனாலும் தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மதாம் தங்கையின் சிவந்த கன்னத்தைத் தட்டி, அட்டையைக் காட்டிச் சிரித்தாள். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். தங்கை எங்களிடம் ஓடிவந்து, "என்னைப் பாத்து சிரிச்சாங்க" என்றாள்.

பட்டியலில் அவள் இல்லை. அந்த வெள்ளை கவுன் பெண் இருந்தாள். இன்னும் சிலர் இருந்தார்கள், பெரும்பாலும் நகைக்கு வழியில்லாமல் பூவும் பொட்டும் மட்டும் வைத்து வந்த பிள்ளைகள்.

சாயங்காலம் டீச்சரம்மா வந்தபோது அம்மா தங்கை காலிலிருந்து தண்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அரைஞாண் ஏற்கனவே பாயில் கிடந்தது. டீச்சரம்மா அதை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

"இதையெல்லாம் போட்டுக்கிட்டா தராசுல நின்னா?"

"ஆமாங்க டீச்சரம்மா. வந்தவங்க முன்னால வெறும் இடுப்போடயா நிறுத்துவாங்க?"

டீச்சரம்மா மண் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்: உள்ளே இருப்பதை முடிவு செய்தது டாக்டர் இல்லை, தராசு. டாக்டர் சந்தேகப்பட்டாராம். ஆனால் எடை சரியாக இருந்தது, தாயும் ஒன்றும் இல்லை என்றாள். இடமோ கொஞ்சம்தான், வெயிலோ உச்சிக்கு வந்துவிட்டது.

உடனே எழுந்து அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கு ஓடினார். அம்மா பின்னாலேயே ஓடினாள். திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம். அடுத்த வருஷம் நிச்சயம் என்று மதாம் டீச்சரம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம். அழக்கூட அழுதாளாம். அழுது என்ன?

அம்மா அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "செவுளத் தூக்கிப் பாக்கலியே" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. மறுநாள் வெள்ளியைப் புளி போட்டுத் தேய்த்து, துணியில் முடிந்து, லாத்தா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். லாத்தா என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "நசீபு இல்ல லாத்தா" என்று, அதிர்ஷ்டத்துக்கு அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே சொல்லிவிட்டாள்.

அத்தோடு போயிருந்தால்கூட ஒருவேளை தங்கை ஒரு வருஷம் தாங்கியிருப்பாளோ என்னவோ. ஆனால் பெரியவர்கள் பேசியதைத் தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். எடை கூடியதால்தான் போக முடியவில்லை என்பதை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"நான் குண்டாயிட்டேனாக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"வெள்ளியால வந்ததுடி. நீ ஒண்ணும் குண்டு இல்ல."

"அடுத்த தடவ வெள்ளி போட மாட்டேன். சோறும் கம்மியாத்தான் தின்பேன்."

சொன்னபடியே செய்தாள். பிடிவாதத்தில் அவள் அம்மாவின் மகள். சோற்றைத் தட்டில் பரப்பிவிட்டு எழுந்துவிடுவாள். பால் மாவை நாய்க்கு ஊற்றினாள். மீன் எண்ணெயை வாயில் வாங்கிக்கொண்டு சுவரோரம் போய்த் துப்பினாள். டீச்சரம்மா கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து, நீ சாப்பிட்டாலும் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று நயமாகச் சொன்னார். அம்மா கெஞ்சினாள், அடித்தாள், அடித்துவிட்டு அழுதாள். "அடுத்த வருஷம் தராசு இருக்குல்ல" என்பதுதான் தங்கையின் பதில். பெரியவர்கள் சொல்வதை அவள் ஒரு முறை நம்பியிருந்தாள், அது போதும் என்று நினைத்துவிட்டாள். தராசு என்ன சொல்லும் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் அம்மா கூடையிலிருந்து வஞ்சிரத்தை எடுத்து வீட்டிலேயே குழம்பு வைத்தாள். அன்றைக்கு விற்க வேண்டிய மீன். தங்கை முள்ளை எடுத்து, கொஞ்சம் போல நாக்கில் வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாசனை பிடித்தாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் தின்னவில்லை. அம்மாவும் தின்னவில்லை. அப்பா கடலுக்குப் போயிருந்தார். குழம்பு அப்படியே கெட்டுப்போயிற்று.

ஐப்பசி மழை பிடித்தபோது தங்கையால் எழுந்து உட்கார முடியவில்லை. அப்போதும் கதவைத் திறந்து போடச் சொன்னாள். சாரல் உள்ளே அடித்தது. அம்மா கதவை மூடவில்லை. ஒரு காலை நேரத்தில், அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது, தங்கை போய்விட்டாள். இடுப்பில் இருந்தது வெறும் கறுப்புக் கயிறு. அதை அறுக்கும்போது அம்மா பக்கத்தில் நிற்கவில்லை. கடற்கரைப் பக்கம் போய்விட்டாள். யாரும் கூப்பிடப் போகவில்லை.

வெள்ளை கவுன் பெண் மழைக்குப் பிறகு திரும்பி வந்தாள். நன்றாகத் தேறியிருந்தாள், கன்னம் உப்பி, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, மடமடவென்று பிரெஞ்சு பேசினாள். அவள் பிழைத்து வந்தது நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பல வருஷம் பிடித்தது. அவள் எங்கள் வீட்டுக்கு ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தாள். புள்ளி மூக்குப் பெண் கொடுத்து அனுப்பியது. உள்ளே ஒரு நூல். அந்த வருஷத்து உயரம்.

"உங்க தங்கச்சி ஏன் வரலைன்னு கேட்டுக்கிட்டே இருந்தா" என்றாள்.

நூலை எடுத்து நான் தொங்கவிட்டுப் பார்த்தேன். என் தலையையே தாண்டியது. அதை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எரிக்கவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் மனசில்லை. அப்பா அதை வாங்கிக் கூரைக் கழியில் கட்டினார். அடுத்த வருஷம் கொடி மாறியது. வெள்ளைக்காரர்கள் போனார்கள், பெட்டி வருவது நின்றது, டீச்சரம்மாவும் மாற்றலாகிப் போனார். தராசும் வரவில்லை. நூல் மட்டும் கூரையிலேயே கிடந்து இற்றுப் போனது.

அம்மா கொஞ்ச நாள் கழித்து மறுபடி கூடையைத் தூக்கினாள். நான் அப்போது படிப்பை நிறுத்திவிட்டேன், கூடமாட நடந்தேன். விழிதியூரில் ஒரு வாசலில் கூடையை இறக்கி, அவள் கூறு கட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் புரியவில்லை. நைந்த மீன், கண் குழிந்த மீன், எல்லாவற்றையும் மேலே வைத்தாள். பளபளக்கிற நல்ல மீனையெல்லாம் அடியில் போட்டாள்.

வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னாங்க இது, நாளு பட்டதையெல்லாம் மேல போட்டு வச்சிருக்கீங்க?"

"மேல உள்ளதப் பாத்துட்டுப் போயிடாதீங்கம்மா. தூக்கிப் பாருங்க" என்றாள் அம்மா.

அவள் தூக்கிப் பார்க்கவில்லை. அடுத்த வாசலில் உட்கார்ந்திருந்த மீன்காரியிடம் போய்விட்டாள். மறுநாளும் அப்படித்தான். நான் எவ்வளவு சொல்லியும், சண்டை போட்டும், அம்மா கூறு கட்டுகிற விதத்தை மாற்றவில்லை. ஒன்றிரண்டு பேர் பழகிப்போய்க் குனிந்து பார்த்து வாங்குவார்கள். மற்றவர்கள் தாண்டிப் போவார்கள்.

அதனால் அடியில் கிடந்த நல்ல மீனெல்லாம் பாதி நாள் விற்காமலே வீட்டுக்கு வந்தது. வஞ்சிரமும் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நல்ல மீனுக்குக் குறைவே இல்லை. கேட்டுத் தின்கிற பிள்ளைதான் இல்லை.